மடக்கெழுத்தாணியும் பேனாக்கத்தியும்

மடக்கிச் சட்டைப்பையில் இட்டுக்கொள்ளத்தக்க சிறு கத்தியைப் பேனாக்கத்தி என்று தமிழில் வழங்குகின்றோம். அதனாற் பழம் நறுக்குவர், கயிறு அறுப்பர், கடித உறை பிரிப்பர், பென்சில் சீவுவர். பேனாவுக்கும் அக்கத்திக்கும் இன்று யாதொரு தொடர்பும் இல்லை. தொடர்பு அற்ற பின்னரும் பெயர் மட்டும் நிலைத்து நிற்கின்றது. பொருள் மறைந்தும் பெயர் மறையாத இத்தகைய சொற்கள் மொழியாராய்ச்சியாளர்க்கு நல்ல விருந்தாவன. ஆயின் இச்சொல்லைப் பற்றி ஆராயப் புகுவார், சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடுதல் இயலாது. எழுத்துத் தொழில் பல நாடுகளிலும் எவ்வாறு நடந்தது என்பதையும், அத்தொழில் செய்தோர் நாள்தோறும் எக்கருவியை உடன்கொண்டு திரிந்தனர் என்பதையும் அவர் அறிதல் வேண்டும். அவ்வாறு அறிய முற்படும்போது, தமிழ்ப் புலவரும் கணக்கரும் ஒரு காலத்தில் கைக்கொண்டிருந்த மடக்கெழுத்தாணி என்னும் கருவி நம் நினைவுக்கு வருகின்றது. அதுவும் ஒருவகை மடக்குக் கத்தியே ஆகும்.

மேலைநாட்டு மடக்குக் கத்திகளை விரும்பித் தொகுப்பாரும் நாள்தோறும் உடன்கொள்வாரும் இன்று பலர் உளர். மடக்கெழுத்தாணியோ வழக்கு வீழ்ந்தது. ஒரே வகையான தொழிலிற் பிறந்த இருகருவிகளுள் ஒன்று வாழவும் மற்றொன்று மாயவும் காரணம் யாது? மாய்ந்ததனால் நாம் இழந்தது யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மூன்று பெயர்கள்

சிறு கத்திக்குத் தமிழில் மூன்று பெயர்கள் உள்ளன. மடக்குக்கத்தி என்பது அதன் வடிவு பற்றி எழுந்த பெயர். அலகு பிடியினுள் மடங்கி அடங்குதலின் அப்பெயர் பெற்றது. வில்லுக்கத்தி என்பது அதன் உறுப்புப் பற்றி எழுந்த பெயர். பிடியின் முதுகுப் புறத்தே அமைந்த எஃகுத் தகடு ஒன்று வில்லைப் போல் வளைந்து கொடுத்து, அலகின் அடியை அழுத்தி நிற்கும். திறந்த நிலையிலும் மடக்கிய நிலையிலும் அலகு தானே அசையாதவாறு காப்பது அவ்வில்லே. பேனாக்கத்தி என்பது அதன் தொழில் பற்றி எழுந்த பெயர். ஆங்கில வழக்கினைத் தழுவி அமைந்த மொழிபெயர்ப்புச் சொல் அது.

பேனா என்னும் சொல் போர்த்துக்கீசிய மொழியினின்றும் தமிழுக்கு வந்தது. அம்மொழியில் அச்சொல்லுக்கு இறகு என்பதே முதற்பொருள். இலத்தீனில் பென்னா என்பதும் இறகே. ஆங்கிலத்தில் எழுதுகோலைக் குறிக்கும் சொல்லும் அவ்விலத்தீனச் சொல்லின் வழிவந்ததாகும். எனவே, பேனாக்கத்தி என்பதனைத் தமிழிற் பெயர்த்துரைப்பின் இறகுக்கத்தி என்றாகும். இறகினைச் சீவி எழுதுகோலாக்கும் கத்தி என்பது அதன் பொருள்.

வடிவாலும் உறுப்பாலும் பெற்ற பெயர்கள் பொருளைக் கண்ட அளவிலே விளங்குவன. தொழிலாற் பெற்ற பெயரோ தொழிலை அறிந்தார்க்கன்றி விளங்காது. ஆகலின் அத்தொழிலை முதற்கண் காண்போம்.

2. இறகும் கத்தியும்

மேலைநாடுகளில் ஆயிரம் ஆண்டிற்கும் மேலாக எழுதுகோலாகப் பயன்பட்டது பறவையின் இறகு. வாத்தின் சிறகினின்று எடுத்த பெரிய இறகே அதற்குச் சிறந்ததெனக் கருதப்பெற்றது. பறித்த இறகு மென்மையாக இருக்கும். ஆகலின் அதனைச் சூடேறிய மணலில் இட்டு வலிமை பெறச் செய்வர். பின்னர் அதன் தண்டினைச் சாய்வாகச் சீவி, முனையில் மை இறங்குதற்கு ஒரு பிளவு செய்து, நுனியைக் குறுக்கே நறுக்கி ஒழுங்கு செய்வர். இவ்வாறு செய்த கோல் சில பக்கங்கள் எழுதுவதற்குள் மழுங்கிவிடும். மீண்டும் சீவுதல் வேண்டும். கத்தியின்றி ஒருநாளும் எழுத்து வேலை நடவாது. எழுதுவோன் கத்தியை நாள்தோறும் உடன்கொள்ள நேர்ந்த காரணம் இதுவே.

அந்நாட்டு எழுத்தாளர் கத்தியை இன்னும் இரு வேலைகளுக்குப் பயன்படுத்தினர். அவர்கள் எழுதியது ஆட்டுத்தோல், கன்றுத்தோல் ஆகியவற்றைப் பதப்படுத்திச் செய்த தோலேட்டின்மீது. அது கையின்கீழ் எழும்பி நிற்கும் இயல்பினது. ஆகலின் வலக்கையாற் கோல்கொண்டு எழுதும்போது இடக்கைக் கத்தியின் முனையால் தோலை அழுத்திப் பிடித்துக்கொள்வர். எழுத்திற் பிழை நேரின் அக்கத்தியாலேயே மையைச் சுரண்டி நீக்கி, அவ்விடத்திலே திருத்தி எழுதுவர். இங்கிலாந்தில் காண்டர்பரித் துறவிமடத்தைச் சார்ந்த எயட்வின் என்னும் எழுத்தாளரின் உருவம் 12ஆம் நூற்றாண்டுச் சுவடி ஒன்றில் வரையப்பெற்றுள்ளது. கேம்பிரிட்சில் டிரினிட்டிக் கல்லூரியில் உள்ள அச்சுவடியில், அவர் ஒரு கையிற் கோலும் ஒரு கையிற் கத்தியும் கொண்டு வீற்றிருக்கக் காணலாம். கோலும் கத்தியும் இரண்டும் கூடியே எழுத்தாளனுக்கு அடையாளமாயின.

இடைக்காலத்தில் எழுத்தாளர் கையாண்ட கத்தி பெரும்பாலும் மடங்காத கத்தியே. மடக்குக் கத்தி மிகப் பழமையானதுதான். ஆசுத்திரிய நாட்டு ஹால்சுடாட்டில் கிறித்துவுக்கு முற்பட்ட காலத்தனவாகிய மடக்குக் கத்திகள் கிடைத்துள்ளன. உரோமரும் அதனை அறிந்திருந்தனர். ஆயின் வில்லமைந்த மடக்குக் கத்தி பெருவழக்காகியது 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஆகும். இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரம் அத்தொழிலிற் புகழ்பெற்றது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த சாசர் என்னும் புலவர், தம் கதைமாந்தருள் ஒருவன் ஷெபீல்டுக் கத்தியைக் காலுறையிற் செருகியிருந்தான் எனப் பாடியுள்ளார். 1624ஆம் ஆண்டில் அவ்வட்டாரக் கத்தித் தொழிலாளர்க்கெனச் சட்டவழி ஒரு கழகம் அமைந்தது.

பின்னர் எழுதுகோல் மாறியது. 1820, 1830ஆம் ஆண்டுகளை ஒட்டிப் பர்மிங்காம் நகரில் எஃகு முனைகள் பொறிகளால் பெருந்தொகையாகச் செய்யப்பட்டன. சோசப்பு கில்லட்டு என்பார் 1831ஆம் ஆண்டில் அதற்கு உரிமம் பெற்றார். எஃகு முனைக்குச் சீவுதல் வேண்டா. கத்தியின் எழுத்துத் தொழில் அத்தோடு முடிந்தது. ஆயினும் கத்தி ஒழியவில்லை. சட்டைப்பையில் இருந்த கத்திக்கு வேறு நூறு வேலைகள் காத்திருந்தன. பெயர் பழைய தொழிலைச் சுட்ட, கத்தி புதிய தொழில்களைச் செய்துகொண்டு வாழ்ந்தது.

3. பென்சிலும் கத்தியும்

கீழைநாடாகிய சப்பானிலும் இதற்கு ஒத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஹியோகோ மாநிலத்து மிகி நகரில் 1890ஆம் ஆண்டுகளில் ஹிகோனொகாமி என்னும் மடக்குக் கத்தி தோன்றியது. ஒரே தகட்டை மடித்துச் செய்த பிடி. அதனுள் மடங்கும் ஓர் அலகு. அலகின் அடியில் பெருவிரலால் அழுத்துதற்கு ஒரு சிறு வால். வில் இல்லை, பூட்டும் இல்லை. விலை மிகக் குறைவு. இவ்வெளிமையால் அது பள்ளிச் சிறுவர் கைக்கு எட்டியது. பல தலைமுறைச் சிறுவர் அதனைக்கொண்டு பென்சில் சீவினர்; மூங்கிலில் விளையாட்டுப் பொருள்கள் செய்தனர். இங்கும் கத்தி எழுதுகோலுக்குத் துணைக்கருவியாகவே நாள்தோறும் உடன்சென்றது.

இவ்விரண்டு நாட்டு வழக்கிலும் ஒரு பொதுத்தன்மை காணப்படுகின்றது. கத்தி தொழில் செய்தது எழுதுகோலின்மீது. இறகாயினும் பென்சிலாயினும், மழுங்கியதைக் கூராக்குவதே அதன் முதற்கடமை. தோலேட்டைச் சுரண்டியது துணைவேலையே. தமிழகத்து நிலை இதனின் வேறானது.

4. ஓலையும் கத்தியும்

தமிழகத்தில் எழுதுகோல் இரும்பால் ஆகியது. அதனைச் சீவ வேண்டுவதில்லை. ஆயின் எழுதப்படும் பொருள் ஓலை. பனையின் ஓலையோ தாளிப்பனையின் ஓலையோ மரத்தினின்று இறங்கியவுடன் ஏடாகிவிடாது. ஈர்க்கு நீக்கி, உலர்த்தி, வேகவைத்து, மீண்டும் உலர்த்தி, மெருகேற்றி, இருபுறமும் ஓரம் ஒழுங்குபெறச் சீவி, ஒரே அளவாக நறுக்கித் துளையிட்ட பின்னரே அது எழுதத் தகுதி பெறும். ஓரத்தைச் சீவி ஒழுங்குசெய்வதனை வாருதல் என்றும், வாரிய ஓலையைச் சட்டம் என்றும், சிறிதாக வெட்டிய ஓலையை நறுக்கு என்றும் வழங்கினர். இச்சொற்கள் யாவும் கத்தியின் வினையைத் தம்முட் கொண்டிருத்தல் கருதத்தக்கது. ஓலை நறுக்கு என்னும்போது நாம் ஓலையை நினைக்கின்றோம். நறுக்கிய கத்தியை நினைப்பதில்லை.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1950ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்த தம் என் சரித்திரத்துள், தம் இளமைக்காலத்துப் பள்ளி வழக்கங்களைக் கூறுமிடத்து எழுத்தாணியின் வகைகளை விளக்கியுள்ளார். குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என அவை மூன்று. குண்டெழுத்தாணி தலைப்பகுதி கனத்து, நீளம் குறைந்திருப்பது. வாரெழுத்தாணியின் ஒருமுனை எழுதவும், மறுமுனை கத்தியாக அமைந்து ஓலை வாரவும் பயன்படும். மடக்கெழுத்தாணியோ மரம், தந்தம், மாட்டுக்கொம்பு என்பவற்றுள் ஒன்றாற் செய்த பிடியை உடையது. அப்பிடியின் ஒருபுறத்தே கத்தியும் மறுபுறத்தே எழுத்தாணியும் பொருந்தியிருக்கும். வேண்டும்போது திறந்து, வேண்டாதபோது பிடியினுள் மடக்கிவிடலாம். பிடியே உறையாகவும் அமைதலின் தனியுறை தேவையில்லை. கூரிய முனை இரண்டும் உள்ளடங்கிவிடுதலின் இடுப்பிற் செருகினாலும் மடியில் முடிந்தாலும் உடம்பிற் குத்தாது. சட்டைப்பை இல்லாத உடைக்கு ஏற்ற சட்டைப்பைக் கத்தி என அதனைக் கூறலாம்.

எழுதும் முறையையும் ஈண்டு நினைவுகூர்தல் நன்று. இடக்கையில் ஓலையைத் தாங்கி, இடக்கைப் பெருவிரல் நகத்தை வளர்த்து, அந்நகத்திற் பிறைவடிவமாக ஒரு பள்ளம் செய்து, அதில் எழுத்தாணியைப் பொருத்திக் கீறுவர். மேசை வேண்டா, மைக்கூடு வேண்டா. நின்றும் இருந்தும் வழிநடைக்கு இடையில் தங்கியும் எழுதலாம். கீறிய எழுத்து விளங்குதற்கு வேண்டிய மை பின்னர்த் தடவப்பெறும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் செய்யுட்களை வாயாற் சொல்லிக்கொண்டே செல்ல, மாணவர் உடனுக்குடன் ஓலையில் எழுதினர் என்பதனை நாம் அறிவோம். ஆசிரியர் எந்த வேளையிற் பாடத் தொடங்குவார் என்பதனை மாணவர் முன்னறிய இயலாது. வாரிய ஓலையும் கருவியும் எப்பொழுதும் உடனிருத்தல் வேண்டும். எழுத்தாணியை நாள்தோறும் உடன்கொள்ளல் அலங்காரம் அன்று. கல்வியின் ஒரு நிபந்தனை என்பது இதனால் விளங்கும்.

அண்டை நாடாகிய இலங்கையிலும் கத்தியும் எழுத்தாணியும் பிரியாத் துணையாக விளங்கின. சிங்களர் பிஹகெத்த எனப் பெயரிய வேலைப்பாடமைந்த கத்தியும், ஓலையெழுதும் ஊசியும் ஓருறையிற் செருகிய நிலையிற் கிடைத்துள்ளன. ஆங்கு இரண்டும் ஓருறையில் வாழ்ந்தன. ஈங்கு மடக்கெழுத்தாணியில் ஒரு பிடியில் வாழ்ந்தன.

இக்கருவியைச் செய்தோரும் விற்றோரும் தமிழகத்தில் தனித்தொழிலினராக இருந்தனர் என்பதற்கு மதுரையில் உள்ள எழுத்தாணிக்காரத் தெரு இன்றும் சான்றாய் நிற்கின்றது. தொழில் போயிற்று, தெருப்பெயர் நிலைத்தது. பேனாக்கத்தியின் பெயர் நிலைத்தமையும் இத்தன்மையதே அன்றோ?

5. ஒன்று வாழ்ந்தது, ஒன்று மாய்ந்தது

இனி நாம் எழுப்பிய முதல் வினாவுக்கு வருவோம். மேலைநாட்டில் எழுதுகோல் மாறிய பின்னும் கத்தி வாழ்ந்தது. தமிழகத்தில் ஓலை மாறியபோது மடக்கெழுத்தாணி மாய்ந்தது. இதற்குக் காரணம் அக்கருவியின் அமைப்பிலேயே உள்ளது என்பது என் கருத்து.

பேனாக்கத்தி ஒரு தனிக்கத்தி. இறகு சீவும் வேலை நீங்கியபோது அதன் அலகு முழுமையும் பிற வேலைகளுக்கு உரியதாயிற்று. மடக்கெழுத்தாணியோ இருமுகக் கருவி. அதன் ஒரு பாதி எழுதும். மறுபாதி எழுதுதற்குரிய ஓலையை ஆக்கும். 1835ஆம் ஆண்டில் அச்சகம் நடத்தும் உரிமை இந்நாட்டவர்க்கும் கிடைத்தது. அதன்பின் தமிழ் நூல்கள் மிகுதியாக அச்சேறின. சீவக சிந்தாமணிப் பதிப்பு 1887ஆம் ஆண்டில் வெளிவந்தது. தாளும் மையும் எஃகு முனையும் திண்ணைப்பள்ளி வரை பரவின. அப்போது மடக்கெழுத்தாணியின் இரு பாதிகளும் ஒருங்கே வேலை இழந்தன. தாளில் எழுத்தாணி கிழிக்குமே அன்றி எழுதாது; தாளை வாரவேண்டியதும் இல்லை. எஞ்சிய சிறு கத்தியால் வெற்றிலைக் காம்பு கிள்ளலாம், பாக்குச் சீவலாம் எனினும், அதற்காக எழுத்தாணியையும் சுமப்பார் யார்? அதற்கென வீட்டிற் பாக்குவெட்டி இருந்தது. எழுத்துக்கென்றே பிறந்த கருவி எழுத்துமுறை மாறியவுடன் மாய்ந்தது.

இக்கருத்தைப் பிரெஞ்சு நாட்டு ஒப்பினெல் கத்தி வலியுறுத்துகின்றது. சவாய் மலைநாட்டில் சோசப்பு ஒப்பினெல் என்பார் 1890ஆம் ஆண்டிற் செய்த எளிய மடக்குக் கத்தி அது. மரப்பிடி ஒன்று, அலகு ஒன்று. 1897ஆம் ஆண்டு முதல் 1 தொடங்கி 12 வரை எண்ணிட்ட அளவுகளில் விற்பனைக்கு வந்தது. அலகு திறந்த நிலையில் அசையாதிருத்தற்குரிய வளையம் 1955ஆம் ஆண்டிற் சேர்க்கப்பட்டது. குடியானவன் உரொட்டி அறுத்தான், பாலாடைக்கட்டி நறுக்கினான், கொடி கழித்தான். ஒரு தொழிலுக்கென்று கட்டுப்படாமையால் எத்தொழில் மாறினும் அக்கத்தி மாறவில்லை. இன்றும் அது செய்யப்படுகின்றது. பலர் சட்டைப்பையில் இருக்கின்றது.

6. அழித்தலும் நறுக்கலும்

கத்தி எதன்மேல் தொழில் செய்கின்றது என்னும் வேறுபாடு கருவியோடு நின்றுவிடவில்லை. நூல்கள் நமக்கு வந்து சேர்ந்த முறையையும் அது தாக்கியுள்ளது. சுவடியாராயும் மாணவர் இதனை உளங்கொள்ளல் வேண்டும்.

தோலேட்டில் எழுதிய மையைக் கத்தியாற் சுரண்டி அழிக்கலாம். பிழை அழியும், சில வேளை நூல் முழுமையுமே அழிக்கப்பட்டு, அதே தோலின்மேல் வேறு நூல் எழுதப்படும். ஆர்க்கிமிடீசின் ஆராய்ச்சிகள் அமைந்த சுவடி ஒன்று 13ஆம் நூற்றாண்டில் இவ்வாறே அழிக்கப்பெற்று வழிபாட்டு நூலாக மாறியது. அடியில் தேய்ந்து கிடந்த எழுத்துக்களைப் பின்னோர் அரிதின் முயன்று படித்தனர். ஓலையிலோ எழுத்து கீறலாக அமைவது. கீறலைச் சுரண்ட முற்படின் ஓலையே கெடும். ஆகலின் ஓலையெழுதுவோன் பிழையை அழிப்பதில்லை. அடித்துவிட்டு மேலே எழுதுவான். அடித்த எழுத்து அடியிலே படிக்கும் நிலையில் நிற்கும். தோலேட்டின் கத்தி பிழையை மறைத்தது. ஓலையின் கத்தியால் பிழையை மறைக்க இயலவில்லை. எழுதுவோன் கை எங்கே தடுமாறியது, எச்சொல்லை எச்சொல்லாக மயங்கியது என்பதனை அறிதற்கு இவ்வடித்தல்கள் பெருந்துணை புரிவன. பதிப்பாசிரியர் பாடவேறுபாடு குறிக்குங்கால் அடித்த எழுத்தையும் குறித்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

ஓலையின் கத்தி செய்யக்கூடிய தீங்கு வேறொன்று. ஓரம் சிதைந்த ஓலையை ஒழுங்காக்க எண்ணி நறுக்குவார் கையில், அவ்வோரத்து எழுத்தும் உடன்போகும். ஏட்டின் கடையில் எழுத்துக் குறைந்திருக்கக் காணின், அக்குறை எதனால் நேர்ந்தது என்று பிரித்தறிதல் வேண்டும். பூச்சி அரித்த ஓரம் வளைந்து நெளிந்து ஒழுங்கற்றிருக்கும். முறிந்த ஓரம் நாரோடு பிளந்திருக்கும். கத்தி நறுக்கிய ஓரம் நேராக இருக்கும். நேரான ஓரத்தில் ஓர் எழுத்தின் பாதி மட்டும் நிற்குமாயின், எழுதிய பின்னர் நறுக்கப்பட்டது என்பது தெளிவு. முழு எழுத்தோடு வரி முடிந்து சிறிது இடமும் விட்டிருப்பின், நறுக்கிய பின்னரே எழுதப்பட்டது எனலாம். முதல் வகையில் இழந்த எழுத்து இத்தனை என மதிப்பிட்டுப் பாடத்தை ஆராயலாம்; இரண்டாம் வகையில் இழப்பே இல்லை; செய்யுள் குறைவுபடின் மூலச்சுவடியிலேயே குறை இருந்தது என்று கொள்ளல் வேண்டும். ஒரு கத்தியின் கோடு ஒரு பாடத்தின் வரலாற்றைக் காட்டுகின்றது.

சுவடி அட்டவணைகள் ஏட்டின் நீளமும் அகலமும் வரித்தொகையும் கூறுவன. ஓரத்தின் தன்மையைக் கூறுவன மிகச் சில. கத்தியை மறந்ததனால் நேர்ந்த குறை இது.

7. கருவியும் படையும்

கத்தியை நாள்தோறும் உடன்கொள்ளலைப் பற்றிப் பேசும்போது, அது கருவியா படையா என்னும் ஐயம் எழுதல் இயல்பு. சப்பானில் 1960ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், அரசியல் தலைவர் அசனுமா இனெசிரோ மேடையிலேயே ஓர் இளைஞனால் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றது குறுவாள், ஹிகோனொகாமி அன்று. எனினும் அதன்பின் சிறுவர் கையிற் கத்தி இருத்தல் கூடாது என்னும் இயக்கம் நாடெங்கும் பரவியது. பென்சில் சீவும் பொறியும் வந்து சேர்ந்தது. ஹிகோனொகாமி பள்ளியினின்று மறைந்தது. இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவிடத்தில் கத்தி கொண்டு செல்லலைத் தடுத்தபோதும், வெட்டும் விளிம்பு 3 அங்குலத்திற்கு மேற்படாத மடக்குக் கத்திக்கு விலக்கு அளித்தது. பழைய பேனாக்கத்தியை அந்நாட்டுச் சட்டம் கருவியாகவே மதித்தது எனலாம்.

இவ்வையத்தின் கூர்மையை நம் சேக்கிழார் பெருமான் காட்டியுள்ளார். மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றில், முத்தநாதன் பொய்த்தவ வேடம் பூண்டு, சுவடி பொதிந்த கவளிகையுள் படையை மறைத்துக் கொண்டு வருகின்றான். சுவடியை அவிழ்ப்பான்போலக் காட்டி அப்படையை எடுக்கின்றான். அவ்விடத்தில் சேக்கிழார் அப்படையைக் குறிக்க ஆண்ட சொல் பத்திரம் என்பது. பத்திரம் என்பதற்குச் சிறுவாள் என்பதும் பொருள். இலை, ஓலை, ஏடு என்பனவும் பொருள். நாயனார் எதிர்பார்த்தது ஏடாகிய பத்திரம். வெளிவந்தது வாளாகிய பத்திரம். ஒரு சொல்லின் இரு பொருளுக்கு நடுவே ஓர் உயிர் போகின்றது.

இலையும் அலகும் ஒரு சொல்லாற் குறிக்கப்படுதல் பிறவிடத்தும் உண்டு. சங்கச் செய்யுளில் வேலின் அலகு இலை எனப்படும். ஆங்கிலத்திலும் அலகைக் குறிக்கும் சொல் முற்காலத்தில் இலையைக் குறித்ததே. இவை வடிவ ஒப்புமையாற் பிறந்தன. ஆயின் ஓலையும் கத்தியும் ஒருவர் மடியில் ஒருங்கே வாழ்ந்த நாட்டில், பத்திரம் என்னும் சொல்லைக் கேட்டார்க்கு இரு பொருளும் ஒருங்கு தோன்றுதல் எளிது. கவளிகையுள் ஓர் இரும்பு இருத்தல் ஓலைக்காலத்தில் ஐயுறற்கு உரியதன்று. முத்தநாதன் தேர்ந்த மறைவிடம் அதனாற் பொருத்தமுடையதாகின்றது. அக்காலத்து எழுத்தாளன் உடன்கொண்ட கருவியை அறியாதார்க்கு இந்நயம் தோன்றாது.

8. தொகுப்பார் கடமை

மடக்குக் கத்தி தொகுப்பாருள் இருவகையினர் உளர். ஒருசாரார் அலகு தீட்டப்படாத, பிடி தேயாத புதுக்கத்தியையே விரும்பிப் பேழையில் வைப்பர். மற்றொருசாரார் நாள்தோறும் உடன்கொண்டு பயன்படுத்தி, கருநிறம் பாய்ந்த அலகையும் கைபட்டு மெருகேறிய பிடியையும் விரும்புவர். முதல்வகை விருப்பத்தின் எல்லையாக ஷெபீல்டில் ராட்ஜர்சு நிறுவனத்தார் 1822ஆம் ஆண்டிற் செய்த கத்தி ஒன்றைக் கூறலாம். ஆண்டின் எண்ணுக்கு ஏற்ப 1822 அலகுகள் அதில் அமைந்தன. கைத்திறனுக்கு அது சிறந்த சான்று. ஆனால் அதனை ஒருவரும் சட்டைப்பையில் இடமுடியாது. அது எந்த இறகையும் சீவியதில்லை.

ஆராய்ச்சியாளனுக்கு வேண்டுவது இரண்டாம் வகை. தேய்ந்த அலகு, செய்த வேலையின் பதிவேடு. பலமுறை சாணையில் தீட்டிய அலகு அகலம் குறுகும். மடக்கெழுத்தாணி ஒன்றில் கத்தி மிகக் குறுகி எழுத்தாணி தேயாதிருப்பின், அதனை உடையவர் எழுதியதினும் ஓலை வாரியது மிகுதி என்று கருதலாம். எழுத்தாணி முனை தேய்ந்து கத்தி தேயாதிருப்பின், பிறர் வாரித்தந்த ஓலையில் எழுதியவர் ஆகலாம். முன்னவர் ஓலை ஆக்குவாராகவும், பின்னவர் ஓரிடத்திருந்து எழுதும் கணக்கராகவும் இருத்தல் கூடும். இஃது ஊகமே எனினும், உடையவரின் தொழிலும் ஊரும் தெரிந்த கருவிகள் பல கிடைப்பின் ஊகத்தைச் சோதித்துத் துணியலாம். அவை தெரியாதபோது கருவி ஊமையாகிவிடுகின்றது.

நம் வீடுகளில் ஏடு இருந்த பெட்டியிலேயே இக்கருவியும் கிடக்கும். ஏட்டைச் சுவடிநிலையத்திற்குக் கொடுப்பார், துருப்பிடித்த இரும்பைப் பழைய இரும்போடு எறிந்துவிடுவர். தந்தப்பிடி உடையதாயின் பழம்பொருள் வாணிகர் கொள்வர். வாணிகர் கைக்குச் சென்றபின் எவ்வூரது, எவருடையது, எவ்வேட்டோடு இருந்தது என்பன மறைந்துபோம். ஆகலின் சுவடி தேடிச் செல்லும் ஆராய்ச்சி மாணவர் பின்வருவனவற்றைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளல் நலம்.

முதலாவது, கருவியின் நீளம், அலகின் நீளம், அலகின் அகலம் ஆகியவற்றைத் திறந்தும் மடக்கியும் அளந்து குறித்தல். இரண்டாவது, பிடி எப்பொருளால் ஆயது, ஆணியும் வில்லும் உளவா என்பது. மூன்றாவது, கத்தி, எழுத்தாணி இரண்டின் தேய்மானம். நான்காவது, உடையவர் புலவரா, கணக்கரா, மருத்துவரா, சோதிடரா என்பதும், அவர் ஊரும் காலமும். ஐந்தாவது, உடனிருந்த சுவடி யாது, அதன் ஓரம் எத்தன்மையது என்பது. ஆறாவது, எதனையும் தேய்த்துத் துலக்காமை. துருவை நீக்கி மெருகிடுவார் தேய்மானத்தின் அடையாளத்தையும் உடன் நீக்கிவிடுவர். அவ்வேலை பாதுகாப்புக் கலை வல்லார்க்கே உரியது.

இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டா. ஓர் அளவுகோலும் அரைநாழிகைப் பொழுதும் போதும். நிழற்படம் எடுத்தல் இக்காலத்தில் எவர்க்கும் எளிது. சுவடியின் அட்டவணை எண்ணோடு கருவியின் எண்ணையும் இணைத்துவிட்டால் இரண்டும் மீண்டும் ஒன்றுசேரும்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பேனாக்கத்தி, ஹிகோனொகாமி, மடக்கெழுத்தாணி மூன்றும் எழுத்துத் தொழிலின் உடன்பிறப்புக்கள் என்பதும், முன்னிரண்டும் எழுதுகோலைத் திருத்த, பின்னது எழுதும் ஓலையையே ஆக்கியது என்பதும், அவ்வேறுபாட்டால் அதன் வாழ்நாள் ஓலையின் வாழ்நாளோடு முடிந்தது என்பதும் புலனாகும். வாருதல், சட்டம், நறுக்கு என்னும் சொற்களையும், கவளிகையுள் மறைந்த பத்திரத்தையும், நேராக அறுபட்ட ஏட்டின் ஓரத்தையும் உள்ளவாறு உணர்தற்கு இக்கருவியின் அறிவு வேண்டப்படுகின்றது.

ஓலைச்சுவடிகளைத் தேடித் தொகுத்த பெரியோர் தமிழுக்குச் செய்த தொண்டு அளவிடற்கரியது. அவர் காலத்தில் மடக்கெழுத்தாணி எங்கும் இருந்தது. அதனைத் தொகுக்க வேண்டிய தேவை இல்லை. நம் காலத்திலோ அதனைக் கையிற் கண்டார் தொகை ஆண்டுதோறும் குறைகின்றது. இன்னார் மடியில் இருந்தது, இன்ன ஏட்டை வாரியது என்று சொல்லவல்ல முதியோர் இருக்கும்போதே அதனைக் கேட்டு எழுதிவைத்தல், சுவடியாராய்ச்சியை மேற்கொண்ட மாணவர் கடமையாகும்.